டிராக்கர் வேலை செய்கிறது, ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் மின்சாரம் போகவில்லை

நாகைக்கரை – ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம்தான் அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினேன். இரண்டு வாரமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒரு ஏபிஆர்எஸ் டிராக்கர், அதாவது ஜிபிஎஸ் சொல்லும் இடத்தை ரேடியோ வழியாக அனுப்பும் கருவி, கட்டினேன். எங்கள் கிளப்பில் ஒரு மூத்தவர் வரைந்து கொடுத்த சர்க்கியூட், போர்டும் அவர் கொடுத்ததுதான். சாலிடர் வைத்தது முழுக்க நான். அட்மெகா328 சிப், 5 வோல்ட்டுக்கு 78எல்05 ரெகுலேட்டர், ஜிபிஎஸ்ஸுக்கு 9 பின் சீரியல் சாக்கெட். 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் ஓடுகிறது. ரேடியோ 2 மீட்டர் அலைப்பட்டையில் பேசும் ஒரு கைக்கருவி.

ஆன் செய்தால் பச்சை எல்இடி சிமிட்டுகிறது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ரேடியோ டிரான்ஸ்மிட் ஆகிறது. நண்பர் வீட்டில் ஏபிஆர்எஸ் சிக்னலைப் படித்துக் காட்டும் டயர்வுல்ஃப் மென்பொருள் போட்டுக் கேட்டோம், என் அழைப்புக்குறியும் நான் எழுதி வைத்த வாசகமும் பிழையில்லாமல் வருகின்றன. இடம் மட்டும் வரவில்லை.

ஜிபிஎஸ் என்பது காரின் மேல் காந்தத்தில் ஒட்டும் வட்டமான பக் வகை. அதன் மேல் ஒரு சிவப்பு எல்இடி உண்டு, அது எரியவே இல்லை. தனியாக 5 வோல்ட் கொடுத்து லேப்டாப்பில் போட்டால் நன்றாக எரிகிறது, இடம், நேரம் சொல்லும் ஜிபிஎஸ் வாக்கியங்களும் ஓடுகின்றன. இன்னொருவரிடம் இரவல் வாங்கி வேறு பக் போட்டேன், அதுவும் இதே கதை. மீட்டர் வைத்துப் பார்த்தால் சாக்கெட்டின் 4ஆம் பின்னில் 4.94 வோல்ட் சரியாக இருக்கிறது! மின்சாரம் இருக்கிறது, பக்கும் நல்ல பக், அப்புறம் ஏன் எரியவில்லை?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இங்கே கரையைக் கடந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். போன் டவர்கள் செத்துப் போய், சித்தப்பா வேதாரண்யம் பக்கம் எங்கே மாட்டிக்கொண்டார் என்று தெரியாமல் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. இந்த டிராக்கரை நான் விளையாட்டுக்குக் கட்டவில்லை.

கோவை அலை – ஞாயிறு, இரவு 10.15

வாழ்த்துகள் தம்பி, முதல் டிராக்கரே சொந்தமாகக் கட்டியிருக்கிறீர்கள். பாட் ரேட், அதாவது சீரியல் கம்பியில் பேசும் வேகம், பார்த்தீர்களா? பழைய பக்குகள் 4800இல் பேசும், புதியவை பெரும்பாலும் 9600. டிராக்கர் ஒன்றை எதிர்பார்த்து ஜிபிஎஸ் இன்னொன்றில் பேசினால் இடம் வராது. இன்னொன்று, யுஎஸ்பி பக்கை அடாப்டர் போட்டு 9 பின்னாக மாற்றியிருந்தால் அது இந்த டிராக்கரோடு பேசாது. அதற்கு எதிரில் கணினி இருந்தே ஆக வேண்டும்.

மதுரை மீட்டர் – ஞாயிறு, இரவு 10.50

கோவை அலை சொல்வது இரண்டுமே நிஜமான சிக்கல்கள்தான், நானே 4800, 9600 குழப்பத்தில் ஒரு விடுமுறை நாளைத் தொலைத்தவன். ஆனால் இங்கே பக்கின் விளக்கே எரியவில்லை. மூச்சே இல்லாதபோது எந்த மொழியில் பேசுகிறது என்று பார்த்துப் பயனில்லை. முதலில் மின்சாரம்.

தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்த 4.94 வோல்ட், பக் சொருகியிருக்கும்போது எடுத்ததா, சொருகாமல் எடுத்ததா?

சொருகாமல் என்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். பக்கின் பிளக் மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே கம்பிகள் சாலிடர் ஆகியிருக்கும் இடம் தெரியும். சொருகிய நிலையில் அங்கே மீட்டர் வையுங்கள். 4க்கும் 5க்கும் நடுவில் எவ்வளவு (5 தான் கிரவுண்ட்), 2க்கும் 5க்கும் நடுவில் எவ்வளவு, இரண்டையும் எழுதுங்கள். 2ஆம் பின் ஜிபிஎஸ் பேசும் கம்பி. ஆர்எஸ்-232 கம்பி சும்மா இருக்கும்போது மைனஸில் நிற்கும், மைனஸ் 5 அல்லது 6 காட்டினால் உள்ளே உயிர் இருக்கிறது. சுத்தமாகப் பூஜ்யம் என்றால் இல்லை.

நாகைக்கரை – திங்கள், காலை 6.30

சொருகாமல் எடுத்ததுதான் சார். தூக்கம் வரவில்லை, காலையிலேயே எழுந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டேன்.

பக் சொருகியபோது 4ஆம் பின்னில் 2.3 வோல்ட். 2ஆம் பின்னில் பூஜ்யம். பிடுங்கியதும் மறுபடி 4.94க்கு ஏறிவிடுகிறது.

பக் எங்காவது ஷார்ட் ஆகியிருக்குமோ? ஆனால் லேப்டாப்பில் ஓடுகிறதே. இரண்டு பக்கும் ஒரே மாதிரி ஷார்ட் ஆகுமா?

சாலிடர்ப்புகை – திங்கள், காலை 8.10

தம்பி, பக் இரண்டும் நல்ல பக்தான், அவற்றை விட்டுவிடுங்கள். நான் பாலிடெக்னிக்கில் லேப் பார்ப்பவள், ஒவ்வொரு வருடமும் முதல் செமஸ்டரில் இதே கேள்வி வரும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வாயை விரலால் அடைத்தால் விரலை அழுத்தம் நன்றாகத் தள்ளும். விரலை எடுத்துக் குடத்தை வைத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. அழுத்தம் இருந்தது, வழியில் எங்கோ அடைப்பு. டிஜிட்டல் மீட்டர் என்பது அந்த விரல் மாதிரி. அதன் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம், ஒரு மைக்ரோ ஆம்பியர்கூட இழுக்காது. ஆயிரக்கணக்கான ஓம் தடை நடுவில் உட்கார்ந்திருந்தாலும் மீட்டர் 4.94 என்றுதான் காட்டும். உங்கள் பக் அப்படியில்லை, அது 80, 90 மில்லி ஆம்பியர் கேட்கும் சாமான்.

அதனால் பக்கை ஓரமாக வைத்துவிட்டு அதற்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை லோடாகப் போடுங்கள். 47 ஓம், 1 வாட். 5 வோல்ட்டில் அது சுமார் 106 மில்லி ஆம்பியர் இழுக்கும், அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடாகும், கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். 1 வாட் கைவசம் இல்லை என்றால் 100 ஓம் அரை வாட் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் (பேரலலாக) இணைத்தால் 50 ஓம். பக்கை வைத்தே அளக்கக் கூடாதா என்று கேட்கலாம். அரைகுறை வோல்ட்டில் ஜிபிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் எவ்வளவு இழுக்கும் என்பது நிலையாக இருக்காது. ரெசிஸ்டர் எப்போதும் ஒரே கணக்கு, வோல்ட்டை 47ஆல் வகுத்தால் கரண்ட்.

லோடு போட்ட நிலையில், கறுப்புக் கம்பியைக் கிரவுண்டில் நிரந்தரமாகக் கவ்வவிட்டு, சிவப்பு முனையைப் பேட்டரியிலிருந்து ஜிபிஎஸ் வரை மின்சாரம் நடந்து வரும் வழியிலேயே ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். பேட்டரி முனை. தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் டையோடு தாண்டி. ரெகுலேட்டரின் வெளிவாய். அதற்கு அப்புறம் உங்கள் சர்க்கியூட்டில் ஜிபிஎஸ்ஸை ஆன், ஆஃப் செய்ய ஒரு டிரான்சிஸ்டர் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். பேட்டரியை மிச்சப்படுத்த, ஒரு பீக்கனுக்கும் (இடத்தை அறிவிக்கும் ஒலிபரப்பு) அடுத்ததற்கும் நடுவில் ஜிபிஎஸ்ஸை அணைத்து வைக்கப் பல டிராக்கர்களில் அப்படி வைப்பார்கள். இருந்தால் அதன் மூன்று கால்களையும் தனித்தனியாக அளந்து, சிப்பிலிருந்து அதற்குப் போகும் பின்னையும் அளந்து எழுதுங்கள். எந்த இடத்தில் எண் தடுக்கி விழுகிறதோ அங்கேதான் நோய்.

நாகைக்கரை – திங்கள், இரவு 8.55

அக்கா, நன்றி. கல்லூரியிலிருந்து வரும்போதே கடையில் 47 ஓம் 1 வாட் வாங்கி வந்தேன். நீங்கள் சொன்னபடி டிரான்சிஸ்டர் இருக்கிறது, 2என்3906. சர்க்கியூட்டில் எமிட்டர் 5 வோல்ட்டில், கலெக்டர் ஜிபிஎஸ்ஸின் 4ஆம் பின்னுக்கு, பேஸிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சிப்புக்கு. லோடு போட்டு எடுத்தவை:

பேட்டரி 12.6. டையோடு தாண்டி 11.9. ரெகுலேட்டர் வெளிவாய் 4.97. எமிட்டர் 4.97. பேஸ் 4.21. கலெக்டர் 2.6. சிப்பின் பின் 0.02.

கலெக்டரில்தான் விழுகிறது. டிரான்சிஸ்டர் போய்விட்டதா? நான் சாலிடர் வைக்கும்போது ரொம்ப நேரம் சூடு காட்டியிருப்பேன். வேறு ஒன்று வாங்கி மாற்றட்டுமா?

மதுரை மீட்டர் – திங்கள், இரவு 9.30

மாற்றாதீர்கள்! இவ்வளவு அழகாக அளந்திருக்கிறீர்கள், அந்த எண்களே பேசுகின்றன.

இது பிஎன்பி டிரான்சிஸ்டர், பேஸைக் கீழே இழுத்தால்தான் திறக்கும். சிப்பின் பின் 0.02இல் இருக்கிறது, அதாவது "ஆன்" என்று சரியாகச் சொல்லிவிட்டது. எமிட்டருக்கும் பேஸுக்கும் நடுவில் 0.76 வோல்ட், நல்ல சிலிக்கான் சந்திக்கு இருக்க வேண்டியதுதான். ஆக டிரான்சிஸ்டர் உயிரோடு இருக்கிறது, கட்டளையும் வந்திருக்கிறது, திறந்தும் இருக்கிறது. பாதிதான் திறந்திருக்கிறது. முழுசாகத் திறந்திருந்தால் எமிட்டருக்கும் கலெக்டருக்கும் நடுவில் 0.2 வோல்ட் அளவுதான் தொலைய வேண்டும். உங்களிடம் 2.37 தொலைகிறது.

ஏன் பாதி? பேஸில் போதுமான கரண்ட் இல்லை. கணக்குப் போடுவோம். கலெக்டரில் 2.6 வோல்ட், 47ஆல் வகுத்தால் 55 மில்லி ஆம்பியர். பேஸ் ரெசிஸ்டர் மேல் 4.21இலிருந்து 0.02 போக 4.19 வோல்ட். அந்த ரெசிஸ்டர் 1 கே (1000 ஓம்) என்றால் பேஸ் கரண்ட் 4.2 மில்லி ஆம்பியர், அதற்கு இந்த டிரான்சிஸ்டர் 100 மில்லி ஆம்பியரைத் தாராளமாக விட்டுவிடும். 10 கே என்றால் வெறும் 0.42. 55ஐ அதனால் வகுத்தால் பெருக்கம் 130 வருகிறது, 2என்3906 தன் முழு பலத்தையும் காட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அதனால் முடியாது.

சர்க்கியூட்டில் அந்த ரெசிஸ்டர் எவ்வளவு என்று போட்டிருக்கிறது? போர்டில் என்ன இருக்கிறது? பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அளப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றி, ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளங்கள்.

கோவை அலை – திங்கள், இரவு 9.50

மதுரை சார் சொன்ன "மாற்றாதீர்கள்" என்பதைப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். நான் இதே மாதிரி ஒரு சமயம் டிரான்சிஸ்டர், ரெகுலேட்டர், கடைசியில் சிப் என்று எல்லாவற்றையும் மாற்றி, போர்டின் செம்புத் தடமே உரிந்து வந்துவிட்டது. பிழை அப்போதும் அங்கேயே இருந்தது.

நாகைக்கரை – செவ்வாய், காலை 7.05

ஆரஞ்சு!

சர்க்கியூட்டில் 1 கே. பழுப்பு, கறுப்பு, சிவப்பு இருக்க வேண்டும். போர்டில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு இருக்கிறது. காலைத் தூக்கி அளந்தேன், 9.9 கே. ராத்திரி டியூப்லைட்டில் வைத்ததால் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. சிப்பின் ரீசெட் பின்னுக்குப் போக வேண்டிய 10 கே இங்கே வந்து, இங்கே வர வேண்டிய 1 கே அங்கே போயிருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். ரீசெட்டில் 1 கே இருந்தும் சிப் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பக்கைச் சொருகினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். 4ஆம் பின்னில் 4.81 வோல்ட்.

ஆனால் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. விளக்கு அணைந்தது, டிராக்கரே ரீஸ்டார்ட் ஆகிறது, மறுபடி எரிகிறது, மறுபடி அணைகிறது. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. கல்லூரிக்கு நேரமாகிவிட்டது, மாலையில் பார்க்கிறேன்.

சாலிடர்ப்புகை – செவ்வாய், காலை 7.40

ரீசெட்டில் 1 கே இருந்தால் ஒன்றும் கெடாது, அதனால்தான் அது மாட்டிக்கொள்ளவில்லை. சாலிடர் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் ஒரு தொடு தொட்டுவிட்டு வைக்கும் பழக்கத்தை இன்றிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள், வண்ணத்தை நம்பவே வேண்டாம். இப்போது வரும் நீல உடம்பு 1 சதவீத ரெசிஸ்டர்களில் எனக்கே பழுப்பும் சிவப்பும் பிரித்துத் தெரிவதில்லை.

இரண்டாவது சிக்கலுக்கு மாலையில் ஒரு வேலை. அது எரிந்து அணையும் நேரத்தில் 78எல்05 மேல் விரலை வைக்காமல், பக்கத்தில் கொண்டு போய்ப் பாருங்கள். அனலடிக்கும் என்று நினைக்கிறேன்.

நள்ளிரவு அலைவரிசை – செவ்வாய், மதியம் 1.20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தலைப்புதான், கருவி வேறு. இஎஸ்பி32 சிப், லோரா ரேடியோ, ஜிபிஎஸ் மூன்றும் ஒரே போர்டில் இருக்கும் லோரா ஏபிஆர்எஸ் போர்டு. பின்னால் 18650 பேட்டரி. நண்பரிடம் இதே போர்டின் முந்தைய பதிப்பு இருக்கிறது, அவருடைய மென்பொருளை அப்படியே என்னுடையதில் ஏற்றினேன். அவருடையதில் ஜிபிஎஸ் ஓடுகிறது, என்னுடையதில் ஜிபிஎஸ் மாட்யூலுக்குப் போகும் 3.3 வோல்ட் வரியே பூஜ்யம். போர்டுக்குள் சிப்புகள் பேசிக்கொள்ளும் ஐ-ஸ்கொயர்-சி வரியில் ஸ்கேன் போட்டால் பவர் சிப் ஹெக்ஸ் 34 முகவரியில் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. சிப் நன்றாக இருக்கிறது, ஆனால் ஜிபிஎஸ்ஸை ஆன் செய்ய மறுக்கிறது.

மதுரை மீட்டர் – செவ்வாய், மதியம் 2.05

தனி இழையாகப் போட்டிருக்கலாம், இருந்தாலும் பின்னால் தேடி வருபவர்களுக்கு இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது நல்லதுதான்.

உங்கள் போர்டில் ஜிபிஎஸ்ஸுக்கு நேரடியாக மின்சாரம் போவதில்லை. நடுவில் ஒரு பவர் மேலாண்மை சிப் பல சிறு ரெகுலேட்டர்களை வைத்துக்கொண்டு, இஎஸ்பி32 சொன்னால்தான் ஒவ்வொன்றையும் திறக்கும். முந்தைய பதிப்புகளில் அது ஏஎக்ஸ்பி192, பிந்தையவற்றில் ஏஎக்ஸ்பி2101. பழையதில் ஜிபிஎஸ் தொங்குவது எல்டிஓ3இல், புதியதில் ஏஎல்டிஓ3இல். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, உள்ளே ரெஜிஸ்டர்கள் (கட்டளையை எழுதும் இடங்கள்) வேறு. ஏமாற்றும் இடம் எது தெரியுமா? இரண்டு சிப்புக்கும் முகவரி அதே ஹெக்ஸ் 34தான். அதனால் ஸ்கேனில் எல்லாம் சரி என்று வரும். பழைய மென்பொருள் ஹெக்ஸ் 12 ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, ஜிபிஎஸ்ஸை ஆன் செய்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருக்கும். புதிய சிப்பில் அந்தச் சுவிட்ச் இருப்பது ஹெக்ஸ் 90இல்.

எது என்று அறிய ரெஜிஸ்டர் 3ஐப் படியுங்கள். 192 என்றால் ஹெக்ஸ் 03 வரும், 2101 என்றால் ஹெக்ஸ் 4ஏ. இரண்டையும் அறிந்த புதிய மென்பொருளை ஏற்றினால் முடிந்தது. ஏற்றிய பிறகும் வரவில்லை என்றால் யுஎஸ்பியையும் பேட்டரியையும் சேர்த்துக் கழற்றி ஒரு நிமிடம் விட்டு மாட்டுங்கள். ரீசெட் பட்டன் இஎஸ்பி32ஐ மட்டும்தான் எழுப்பும். பவர் சிப், பேட்டரி இருக்கும்வரை, முன்னால் யார் என்ன சொன்னார்களோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த மென்பொருள்கள் ஐரோப்பாவில் வழக்கமான 433.775 மெகாஹெர்ட்ஸில் அமைந்து வரும். இந்தியாவில் அமெச்சூருக்கு உள்ள 70 சென்டிமீட்டர் பட்டை 434 முதல் 438 வரை. 433.775 அதற்கு வெளியே. ஆன்டெனா மாட்டும் முன் அதை மாற்றிவிடுங்கள்.

நள்ளிரவு அலைவரிசை – செவ்வாய், மாலை 5.30

ரெஜிஸ்டர் 3இல் ஹெக்ஸ் 4ஏ! புதிய மென்பொருள் ஏற்றி, பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், 3.3 வோல்ட் வந்துவிட்டது. அலைவரிசையையும் 434க்கு மேலே நகர்த்திவிட்டேன். மிக்க நன்றி சார், இழையை விட்டு விலகிக்கொள்கிறேன்.

நாகைக்கரை – செவ்வாய், இரவு 8.20

அக்கா, விரலை அரை அங்குலம் தள்ளி வைத்தபோதே தெரிந்தது. அடுப்பு மாதிரி இருக்கிறது. ரீஸ்டார்ட் ஆவதற்கு முன் ரெகுலேட்டர் வெளிவாயில் 4.97 இருந்து, திடீரென்று 1 வோல்ட்டுக்கும் கீழே போகிறது, அப்புறம் திரும்ப வருகிறது. பக்கைப் பிடுங்கினால் மணிக்கணக்காக நிலையாக நிற்கிறது. பக்கைத் தனியாக 5 வோல்ட்டில் மீட்டர் வழியாகப் போட்டு அளந்தேன், தேடும்போது 85 மில்லி ஆம்பியர், பிடித்த பிறகு 60க்குள்.

சாலிடர்ப்புகை – செவ்வாய், இரவு 9.00

நினைத்தது சரிதான். முதல் பிழை இரண்டாவதை மறைத்து வைத்திருந்தது. டிரான்சிஸ்டர் பாதிதான் திறந்திருந்ததால் ரெகுலேட்டருக்கு வேலையே வரவில்லை, இப்போது முழு பாரமும் அதன் தலையில்.

பக்குக்கு 85, சிப்புக்கும் விளக்குகளுக்கும் சேர்த்து 25 என்று வைத்தால் 110 மில்லி ஆம்பியர். 78எல்05 என்பதன் நடுவில் இருக்கும் அந்த "எல்" 100 மில்லி ஆம்பியருக்கான சின்ன வகை. அதைவிட முக்கியம் சூடு. உள்ளே 11.9 வருகிறது, வெளியே 5 போகிறது, நடுவில் 6.9 வோல்ட் வீண். 6.9ஐ 0.11ஆல் பெருக்கினால் முக்கால் வாட். இந்தச் சின்னக் கறுப்பு உடம்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 200 டிகிரி ஏறும். முக்கால் வாட் என்றால் 150 டிகிரி ஏற்றம், அதற்கு மேல் நம் ஊர் அறை வெப்பம் 32. உள்ளே இருக்கும் பாதுகாப்பு தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, ஆறியதும் எழுகிறது, அதுதான் உங்கள் சுற்று. காரில் போட்டால் இன்னும் மோசம், ஓடும்போது பேட்டரி 13.8க்குப் போகும்.

வரைந்தவர் மேல் தவறில்லை. 30, 40 மில்லி ஆம்பியர் எடுக்கும் சின்ன ஜிபிஎஸ் மாட்யூலை நினைத்து வரைந்திருப்பார், நீங்கள் பழைய பக்கை மாட்டியிருக்கிறீர்கள்.

78எல்05ஐ எடுத்துவிட்டுப் பெரிய 7805 போடுங்கள், உலோக முதுகு உள்ளது. அது ஒரு வாட்டுக்கு 65 டிகிரி அளவுதான் ஏறும், முக்கால் வாட்டைச் சமாளிக்கும். முதுகில் ஒரு சின்ன அலுமினியத் தகடு திருகிவிட்டால் காருக்குள்ளும் தாங்கும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள், இங்கேதான் பலர் சிப்பை எரிக்கிறார்கள். எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், 7805இல் இடமிருந்து உள்வாய், கிரவுண்ட், வெளிவாய். அதே மாதிரி தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்கப் பிடித்தால் 78எல்05இல் இடமிருந்து வெளிவாய், கிரவுண்ட், உள்வாய். இரண்டும் நேரெதிர். அதனால் பழையதன் தட்டை முகம் எந்தப் பக்கம் பார்த்ததோ, புதியதன் எழுத்து முகம் அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிய பிறகு அட்மெகா சிப்பை சாக்கெட்டிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து, அப்புறம் சிப்பைப் போடுங்கள். உள்வாயில் 0.33, வெளிவாயில் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கிகள் போர்டில் இருக்கும், இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை அலை – செவ்வாய், இரவு 9.25

7805க்குப் பதில், சுவிட்ச் செய்து வோல்ட்டைக் குறைக்கும் கன்வர்ட்டர் மாட்யூல் போட்டால் சூடே இருக்காதே? எல்எம்2596 மலிவாகக் கிடைக்கிறது.

மதுரை மீட்டர் – செவ்வாய், இரவு 9.45

சூடு இருக்காது, சத்தம் இருக்கும். சுவிட்ச் செய்யும் மாட்யூலின் இரைச்சல் கையளவு தள்ளியிருக்கும் 2 மீட்டர் ரிசீவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நன்றாக வடிகட்டித் தகரப் பெட்டிக்குள் வைத்தால் சரியாகும், ஆனால் முதல் டிராக்கருக்கு அந்த வேலை வேண்டாம். 7805 போதும்.

நாகைக்கரைத் தம்பிக்கு இன்னொன்று. மின்சாரம் சரியானதும் பக்கை மொட்டை மாடியில் வானம் தெரியும் இடத்தில் வைத்து ஒரு கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். பல மாதம் பெட்டியில் கிடந்த ஜிபிஎஸ்ஸுக்குச் செயற்கைக்கோள்கள் எங்கே என்ற பழைய கணக்கு பயன்படாது. முழு அட்டவணையும் இறங்க 12.5 நிமிடம் ஆகும், இடம் அதற்கு முன்பேகூடக் கிடைக்கலாம். ஜிபிஆர்எம்சி வாக்கியத்தில் 'வி' என்று இருக்கும்வரை இடம் பிடிக்கவில்லை, 'ஏ' ஆனால் பிடித்துவிட்டது. ரேடியோவை ஒரு வாட்டில் வையுங்கள், அதன் ஆன்டெனா பக்குக்கு ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். டிரான்ஸ்மிட் செய்யும்போதெல்லாம் 'ஏ' மறுபடி 'வி' ஆனால், ஜிபிஎஸ் கேபிளில் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள்.

நாகைக்கரை – வியாழன், இரவு 10.10

7805 போட்டேன். முகத்தைத் திருப்பி வைத்து, சிப் இல்லாமல் அளந்து, 5.02 பார்த்த பிறகே சிப்பைப் போட்டேன். இரண்டு மணி நேரம் ஓடியது, தகடு வெதுவெதுப்புதான். மாடியில் வைத்து 9 நிமிடத்தில் 'ஏ' வந்தது. நண்பர் வீட்டில் இடத்தோடு முதல் பொட்டலம் (டேட்டா பாக்கெட்) இறங்கிவிட்டது: 1045.90 வடக்கு, 07950.50 கிழக்கு.

ஒரே ஒரு குழப்பம். அதை அப்படியே போன் வரைபடத்தில் 10.4590, 79.5050 என்று போட்டால் முத்துப்பேட்டைக்கு வடக்கே காட்டுகிறது. நான் நாகப்பட்டினத்தில் என் வீட்டு மாடியில் இருக்கிறேன். ஜிபிஎஸ் தப்பாகப் பிடித்திருக்கிறதா?

மதுரை மீட்டர் – வியாழன், இரவு 10.30

ஜிபிஎஸ் சரியாகத்தான் சொல்கிறது, நீங்கள் படித்தது வேறு மாதிரி. ஏபிஆர்எஸ்ஸில் 1045.90 என்றால் 10 டிகிரி, 45.90 நிமிடம். நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும், 0.765. ஆக 10.765. அதே போல 79 டிகிரி 50.50 நிமிடம் என்பது 79.8417. இப்போது போட்டுப் பாருங்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் 18 மீட்டர், அதனால் தெருவே தெரியும்.

புயல் நேரத்தில் இந்தக் குழப்பத்தால் படகை 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தேடப் போகக் கூடாது. கிளப்பில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

நாகைக்கரை – வியாழன், இரவு 10.42

எங்கள் தெரு! மாடி வரை சரியாக விழுகிறது.

சாலிடர்ப்புகை – வெள்ளி, காலை 6.50

ரொம்பச் சந்தோஷம் தம்பி. அடுத்த கட்டத்துக்கு ஒரு யோசனை. ஏபிஆர்எஸ்ஸை உருவாக்கிய பாப் புரூனிங்கா, அமெரிக்கக் கடற்படை அகாதமியில் இருந்தவர், 2022இல் காலமானார். இதை வண்டி எங்கே போகிறது என்று பார்க்கும் கருவியாகச் சுருக்கிவிடாதீர்கள் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பகுதியில் என்ன நடக்கிறது என்பதை அங்கே இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்வதற்குத்தான் அவர் அதைச் செய்தார். உங்கள் பொட்டலத்தில் இடத்தோடு ஒரு வாசகமும் போகிறது அல்லவா? புயல் முகாமுக்கு எடுத்துப் போகும்போது அதில் அந்த இடத்தின் நிலையை எழுதுங்கள். தண்ணீர் இருக்கிறது, மருந்து தேவை, சாலை அடைபட்டிருக்கிறது, இப்படி.

அக்கம்பக்கத்தில் திரும்பச் சொல்லும் நிலையமே இல்லை என்றாலும் கை கட்டி உட்கார வேண்டாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள ஏபிஆர்எஸ் மறு ஒலிபரப்பு, ஆன் செய்து வைத்திருக்கும் நாள்களில், 145.825 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். அது தலைக்கு மேல் போகும் சில நிமிடங்களில் 5 வாட் கைக்கருவியும் வெளி ஆன்டெனாவும் இருந்தால் உங்கள் பொட்டலம் மேலே போய்த் திரும்பும்.

நாகைக்கரை – ஞாயிறு, மதியம் 12.15

இன்று காலை டிராக்கரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வேளாங்கண்ணி வரை போய் வந்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு பீக்கன். நண்பர் வீட்டு மாடி ஆன்டெனாவில் வழி நெடுக விழுந்திருக்கிறது, ஊருக்குள் கட்டடங்கள் நடுவில் மட்டும் மூன்று நான்கு விடுபட்டிருக்கின்றன. ஒரு வாட்டில் இவ்வளவு வந்ததே பெரிது. ஃபெரைட் வளையம் தேவைப்படவில்லை, 'ஏ' ஒரு தடவைகூட 'வி' ஆகவில்லை.

அடுத்த வாரம் கிளப்பில் இதே போர்டில் இன்னும் நான்கு பேர் கட்டப் போகிறார்கள். பக் வகை ஜிபிஎஸ் போடுபவர்களுக்கு 7805 என்று சர்க்கியூட் தாளிலேயே கையால் எழுதிவிட்டேன், மூத்தவரும் சரி என்று சொல்லிவிட்டார். ரெசிஸ்டர்களை நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து, மதிப்பை எழுதிய காகிதத்தில் குத்திக் கொடுக்கப் போகிறேன். சித்தப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன், வேதாரண்யத்தில் அவர் வீட்டு மாடியில் ஒரு ஆன்டெனா கம்பம் நட இடம் தருகிறார்.

மதுரை சார், அக்கா, கோவை சார், மூவருக்கும் நன்றி. ரேடியோக்காரர் வழக்கப்படி வாழ்த்துகள், 73.